படத்தில் நாலாவது ஆள்

நான் வேலை பார்த்த கடை தேரடித் தெருவில் இன்னும் இருக்கிறது. கேமராக்கள் இருந்த கண்ணாடி அலமாரியில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் கோயிலுக்குப் போகிற நாளில் உள்ளே எட்டிப் பார்க்காமல் வரமாட்டேன். போன மாதம் அப்படிப் போனபோது, கவுண்டரில் நிற்கிற திவ்யா தன் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, இது நீங்கதானே?"

யார் வீட்டுப் பழைய ஆல்பத்தையோ போனில் படமெடுத்து வைத்திருக்கிறாள். கணவன், மனைவி, பட்டுப் பாவாடையில் ஒரு பெண் குழந்தை. ஓரத்தில், இவர்கள் யாரென்றே தெரியாது என்கிற முகத்தோடு, நீல நைலக்ஸ் புடவையில் நான்.

"நான்தான். அதுக்கின்னா?"

"எங்க சித்தி வீட்டு ஆல்பம்க்கா இது. இவங்க யாருன்னு கேட்டா சித்திக்கே தெரியல. நீங்க எப்படிக்கா இதுக்குள்ள பூந்தீங்க?"

"உங்க சித்தி யாருன்னு எனக்கு மட்டும் தெரியுமா?" என்றேன். கடையே சிரித்தது. பழைய கதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், சித்திக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று திவ்யா விடாமல் நச்சரித்தாள். சரி, எழுதுகிறேன். நான் சும்மா சொல்கிறவள் இல்லை, நீட்டி முழக்கித்தான் சொல்வேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூன்று பேராகப் படத்துக்கு நிற்க மாட்டார்கள். மூன்று பேர் நின்றால் அதில் ஒருவருக்கு ஆகாது என்பது பேச்சு. ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது பெரிய தலைவலி. சிலர் பிள்ளை கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து அதை நாலாவது ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். பொம்மையில் நம்பிக்கை இல்லாதவர்கள் பக்கத்தில் இருக்கிற யாரையாவது கூப்பிடுவார்கள். எங்கள் கடையில் பக்கத்தில் இருந்தது நான்.

கேமரா, பிலிம் ரோல், பேட்டரி செல், ஆல்பம் எல்லாம் விற்கிற கடை அது. பின்பக்கம் திரை தொங்கவிட்ட ஒரு சின்ன ஸ்டுடியோவும் உண்டு. அங்கே மூன்று பேர் குடும்பம் வந்து உட்கார்ந்தால், படம் எடுக்கிறவரிடமிருந்து உடனே குரல் வரும்: "ராஜி, கொஞ்சம் வந்து நில்லு!" கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நிற்பேன். விளக்கு பளிச்சென்று அடித்து ஓய்ந்ததும், "ஆச்சும்மா, நீங்க போங்க" என்பார்கள். அவ்வளவுதான். பேர் என்ன என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. போகப் போக எரிச்சலாக வந்தது. நாற்காலி பத்தவில்லை என்றால் ஸ்டூலை இழுத்துப் போடுகிற மாதிரிதானே இது என்று தோன்றும். ஆனாலும் போய் நின்றேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

வேலையில் சேர்ந்தது எண்பத்தொன்பதில். பிளஸ் டூ முடித்துவிட்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். ரோல் மாட்டுவது, மாட்டிய ரோல் சுற்றுகிறதா என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது, கறுப்புப் பைக்குள் கையை விட்டுச் சிக்கிய ரோலைப் பிரித்து எடுப்பது, கழுவி வந்த படத்தில் யார் தலை வெட்டுப்பட்டிருந்தாலும் வாடிக்கையாளர் எதிரில் சிரிக்காமல் இருப்பது. இவ்வளவும் படிய ஒரு வருஷம் பிடித்தது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம்.

முதலாளி பேர் சம்பந்தம். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, எந்த நேரமும் ஒரு மஞ்சள் துணியால் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "சரிம்மா" என்பார். சந்தோஷம் என்றாலும் அதே "சரிம்மா"தான். எந்தச் சரிம்மா என்று கண்டுபிடிப்பது நம் பாடு. "இந்தக் கேமரா நல்லா இருக்கும், எடுத்துக்குங்க" என்று அவர் வாயால் சொல்லமாட்டார். வந்தவர்கள் விலையைக் கேட்டால் காதில் விழாத மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "வீட்ல யாரு போட்டோ எடுப்பாங்க?"

இதில் என்ன இருக்கிறது என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. வாங்க வந்தவர் ஒருவர், எடுக்கப்போகிறவர் வேறு ஒருவராக இருப்பார். பதில் கிடைத்ததும் முதலாளி கேமராவை எடுத்து, எடுக்கப்போகிறவருடைய மணிக்கட்டில் முதலில் அதன் கயிற்றை மாட்டிவிடுவார். பிறகுதான் கேமராவைக் கையில் தருவார். கொடுத்துவிட்டு அவர் விரல்களைப் பார்ப்பார். பொத்தான் விரலுக்கு எட்டுகிறதா, விரல் லென்ஸை மறைக்கிறதா, கை நடுங்குகிறதா என்பதுதான் பார்வை. அதற்கப்புறம்தான் அலமாரியில் எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்று என்னிடம் கண்ணால் காட்டுவார்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. முதலில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கழுத்தில் பார்த்தோம். பிறகு எங்கள் கடைக்கே வந்தது. விலை கொஞ்சம் இறங்கியதும் சம்பளக்காரர்களும் வியாபாரிகளும் குடும்பத்தோடு ஊட்டி, கொடைக்கானல் போவதற்கு முன்னால் கேட்டு வர ஆரம்பித்தார்கள். எல்லார் வாயிலும் மெகா பிக்சல்தான். "எத்தினி மெகா பிக்சல்? அதைவிட ஜாஸ்தி இல்லியா?" வீட்டு ஆல்பத்தில் வைக்கிற அளவு படத்துக்கு எது இருந்தாலும் போதும் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். மட்டமான சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று நினைப்பார்கள்.

நாங்கள் பார்த்துச் சொன்னது வேறு விஷயங்கள். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு, கடையில் கிடைக்கிற பென் செல் போட்டு ஓடுகிற கேமரா தோது. தனி பேட்டரி வைத்தது மெலிசாக, அழகாக இருக்கும். ஆனால் மலை மேல் போய் அது உயிரை விட்டால் லாட்ஜுக்கு வந்து பிளக் தேடவேண்டும். லென்ஸே முன்னால் நீண்டு கிட்டே கொண்டுவருகிற ஜூமைத்தான் ஜூம் என்று எண்ண வேண்டும். கேமரா தானாகப் படத்தை ஊதிக் காட்டுகிற ஜூம் இருக்கிறதே, அது மூஞ்சியைக் கலங்கலாக்கிவிடும். வெயிலில் பின்பக்கத் திரை தெரியாது, அதனால் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஓட்டை இருந்தால் நல்லது. பொத்தானை அழுத்தினதும் உடனே எடுக்கிறதா, யோசித்துவிட்டு எடுக்கிறதா என்றும் பார்ப்போம். அந்தக் காலத்துக் கம்மி விலைக் கேமராக்கள் நன்றாக யோசிக்கும். அழுத்திவிட்டு உடனே கையை இறக்கினால் படத்தில் தரைதான் விழும்.

ரோல் பழக்கமும் ஜனங்களை லேசில் விடவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் திருப்பதி போய்விட்டு வந்து, கேமராவைக் கறுப்புத் துணியில் சுற்றி நீட்டினார். போன இடத்தில் ஒரு படத்தைக்கூடத் திரையில் திறந்து பார்க்கவில்லையாம். "வெளிச்சம் பட்டுப் பூட்டா? நீங்களே இருட்டுல வெச்சு எடுங்க" என்றார். முதலாளி அதற்கும் சிரிக்கவில்லை. "சரிம்மா, எடுத்துக் குடு" என்றார். நான்தான் பின்னால் போய், வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது தணிகாசலம் குடும்பத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் என்னைப் படாதபாடு படுத்திய கேமரா விற்பனை அதுதான்.

கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த பிறகு ஒருநாள் மூன்று பேராக வந்தார்கள். தணிகாசலம் எங்கள் கீழ்பென்னாத்தூரிலேயே உரக்கடை வைத்திருந்தார், ஆனால் பழக்கமில்லை. மனைவி மல்லிகா. ஒரே மகள் சங்கீதா, கல்லூரி முடித்தவள், தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. அதற்குள் ஊட்டியும் மைசூரும் போய்வர வேண்டும் என்று மல்லிகா அடம்பிடித்து ஏற்பாடு செய்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு அந்தக் குடும்பம் வெளியூர் போவது அதுதான் முதல் தடவை.

முதலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் எடுப்பேன்" என்றார் தணிகாசலம்.

"அப்ப நீ எதுலயும் விழமாட்ட" என்றார் மல்லிகா.

சங்கீதாவுக்கு மெலிசான வெள்ளிக் கேமராவின் மேல்தான் கண். முதலாளி கயிற்றைத் தணிகாசலத்தின் மணிக்கட்டில் மாட்டினார். உரமூட்டை புரட்டிய கை அவருடையது. அந்த மெலிசுக் கேமரா உள்ளங்கையிலேயே காணாமல் போய்விட்டது, பொத்தான் இருக்கிற இடம் தெரியாமல் தடவினார். திரையைப் பார்க்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. முதலாளி எனக்குக் கண்ணைக் காட்ட, கொஞ்சம் தடிமனான, பென் செல் போடுகிற, கண் வைத்துப் பார்க்க ஓட்டை இருக்கிற கேமராவை எடுத்துக் கொடுத்தேன். விலையும் கம்மி. பிடித்துப் பார்த்தவுடன் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இதுல இன்னொண்ணும் இருக்குக்கா" என்று மல்லிகாவிடம் காட்டினேன். "இந்தப் பொத்தானை அமுக்கிட்டு, எங்கியாவது மேடா வெச்சுட்டு நீங்க போய் நின்னுக்கலாம். அதுவே எடுத்துக்கும். அண்ணனும் படத்துல விழுவாரு."

அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நெசமாவா? மூணு பேரும் ஒண்ணா நிக்கலாமா?" என்று பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். கேமரா விற்றால் கடையில் வைத்தே ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுப்பது எங்கள் பழக்கம். இப்போதே எடுத்துப் பார்க்கலாம் என்று கேமராவை மேசை மேல் வைத்தேன். தணிகாசலம் நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"மூணு பேரா வேணாம்மா" என்றார்.

இது நமக்குத் தெரிந்த சமாச்சாரம்தானே என்று, யாரும் கூப்பிடாமலே தலையை ஒதுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றேன். மல்லிகா என் தோளைத் தொட்டு நகர்த்தினார். "தப்பா எடுத்துக்காதம்மா. இத்தினி நாளா எவளையாவது கூட நிக்க வெச்சுத்தான் எடுத்திருக்குது. எங்க மூணு பேர் மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணு வேணும் எனக்கு."

சுருக்கென்று இருந்தது. எவளோ ஒருத்தி என்பது உண்மைதான், ஆனாலும் மூஞ்சிக்கு நேராகக் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. தணிகாசலம் அசையவில்லை. கடைசியில் அம்மாவையும் பெண்ணையும் மட்டும் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஊட்டி போய்வந்த பிறகு மல்லிகா தனியாகக் கடைக்கு வந்தார். கேமராவைக் கவுண்டர் மேல் வைத்தார். "இதை எடுத்துக்கினு வேற ஒண்ணு குடும்மா."

"இன்னாக்கா கோளாறு?"

"எங்க வீட்டுக்காரரு இதுல விழமாட்டேன்றாரு."

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். கார்டை எடுத்துப் படங்களைத் திறந்தேன். பூங்காவில் மல்லிகாவும் சங்கீதாவும். படகில் இருவரும். மைசூர் அரண்மனை முன்னால் இருவரும். வண்டி வண்டியாக இருந்தது. எல்லாம் நல்ல படங்கள், யாருக்கும் தலை வெட்டுப்படவில்லை. ஒரே ஒரு படத்தில் புல்தரை மேல் ஒரு நிழல் நீளமாக விழுந்திருந்தது, கேமராவைத் தூக்கிப் பிடித்த மனுஷனின் நிழல்.

மல்லிகா அந்த நிழலை விரலால் தொட்டார். "இவரு வந்ததுக்கு இதான் அடையாளம்."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொட்டித் தீர்த்துவிட்டார். தணிகாசலம் வாலிபத்தில் அண்ணன், அக்கா, தான் என்று மூன்று பேராக ஒரு ஸ்டுடியோவில் நின்றிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னவர்களிடம் சண்டை போட்டு நிற்க வைத்தவரே அவர்தான். ஆறு மாதத்தில் அண்ணனைக் கழனியில் பாம்பு கடித்துவிட்டது. அந்தப் படத்தை அவர் தாயார் கிணற்றில் போட்டுவிட்டாராம். "அதுலேர்ந்து இப்பிடித்தான். அவரைச் சொல்லிக் குத்தமில்லம்மா. எனக்குத் தெரியும். ஆனா தை மாசம் இவ போயிடுவா. அப்புறம் வந்தா மாப்பிள்ளையோட வருவா, நாலு பேரு. புள்ள பொறந்தா அஞ்சு. நல்லாத்தான் இருக்கும், வேணாம்னா சொல்றேன்? ஆனா நாங்க மூணு பேரா இத்தினி வருஷம் ஒரு வீட்ல இருந்தோமே, அது எங்கியும் இருக்காதில்ல?"

கேமராவைத் திருப்பி எடுப்பது கடை வழக்கத்தில் இல்லை, எடுத்தும் ஒரு புண்ணியமும் இல்லை. யோசித்து ஒரு வழி சொன்னேன். "அக்கா, எப்பவும் போல நான் ஓரமா நிக்கறேன். எடுக்கறப்ப நாலு பேரு. பிரிண்ட் போடறப்ப கம்ப்யூட்டர்ல என்னை வெட்டிடறேன். உங்க மூணு பேர் மட்டும் வருவீங்க." ரோல் காலத்தில் கத்திரிக்கோல் வேலையாக இருந்தது இப்போது ஒரு நிமிஷ வேலை. மல்லிகா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் வந்தார்கள். பெண்ணுக்குப் பட்டுப்புடவை, அப்பாவுக்குச் சலவை வேட்டி. நான் போய் ஓரத்தில் நின்றதும் தணிகாசலம் சமாதானமாகப் பக்கத்தில் வந்தார். சந்தோஷத்தில் மல்லிகா வாயை அடக்க முடியாமல், "எடுத்துட்டு இந்தப் பொண்ண வெட்டிடுவாங்க" என்று சொல்லிவிட்டார்.

"வெட்றதா?" தணிகாசலம் விலகிவிட்டார். "இன்னா பேச்சு பேசற நீ? கல்யாணம் வெச்சிருக்கற வீட்டுப் படத்துல ஒரு பொண்ண நிக்க வெச்சுட்டு வெட்டிப் போடறதா? அதுவும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுனா யாரு பதில் சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்கண்ணா" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. உனக்குத் தெரியாது."

இத்தனை வருஷமாக எத்தனையோ படத்தில் நின்றிருக்கிறேன். நாலாவதாக நிற்கிறவளுக்கு ஏதாவது ஆகுமா என்று கவலைப்பட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "விடும்மா, வேணாம்" என்று சங்கீதா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதலாளி மஞ்சள் துணியை மடித்து வைத்தார். "தணிகாசலம், கொஞ்சம் மாடிக்கு வாங்க" என்றார்.

எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். முதலாளி அவர்கள் மூவரையும் மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தினார். "உங்க பின்னால யாரு நிக்கறாருனு பாருங்க."

தணிகாசலம் திரும்பினார். கோபுரத்துக்குப் பின்னால் அண்ணாமலை. எங்கள் பக்கத்தில் அந்த மலையேதான் சிவன். அவர் கை தானாகக் கும்பிடப் போயிற்று.

"அவரைக் கணக்குல சேக்கலாமா?" என்றார்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்திக்கினு வரீங்களே, கல்லையா சுத்தறீங்க?"

முதலாளி ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தணிகாசலம் மனைவியையும் பெண்ணையும் பார்த்தார். பிறகு, "அப்ப சரி, எடும்மா" என்று பெண்ணின் பக்கத்தில் போய் நின்றார். கண்ணை வைத்துப் பார்த்தேன், நாலு பேரும் இருந்தார்கள். அழுத்தினேன். பளிச்சென்றது.

திரையில் பார்த்தேன். மூன்று முகமும் அழகாக விழுந்திருந்தன. பின்னால் ஒன்றுமே இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம். முகத்தைக் காப்பாற்றப் பார்த்த அந்தக் கம்மி விலைக் கேமரா, மலையை வானத்தோடு சேர்த்து வெள்ளையாக்கிவிட்டது. மறைப்பதற்குள் தணிகாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டார்.

"எங்கம்மா அவரு?"

"அங்கதாண்ணா இருக்காரு. எதிர் வெளிச்சம். அதனால..."

"எங்க அவரு? மூணு பேருதானே இருக்கோம்!" நெற்றி வேர்த்துவிட்டது அவருக்கு. "அழிம்மா. மொதல்ல அதை அழி."

அழித்தேன். "இதுக்கு நெகட்டிவ் எதுனா இருக்குமா? எங்கியாவது தங்கிடுமா?" என்று கேட்டார். இல்லை, சுத்தமாகப் போய்விட்டது என்றேன். திருப்பித் திருப்பி வெறும் திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார். ரோலாக இருந்திருந்தால் அந்த மனுஷனை எப்படிச் சமாதானப்படுத்தியிருப்பேன் என்று நினைத்தாலே இப்போதும் பயமாக இருக்கிறது.

"காலைல வாங்கண்ணா. வெயில் கிழக்கேர்ந்து வரும். உங்க மொகத்துலயும் அடிக்கும், மலை மேலயும் அடிக்கும். கட்டாயம் விழுவாரு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மளமளவென்று படியிறங்கிப் போய்விட்டார். மல்லிகா பின்னால் தங்கி என் காதில் சொன்னார்: "வரமாட்டாரும்மா. எனக்குத் தெரியும். நாளன்னிக்குப் பந்தக்கால் நடறோம். அப்புறம் எங்க வெளிய வரது?"

மறுநாள் எப்போதும் வருகிற பஸ்ஸை விட்டு, அதற்கு முந்தின பஸ்ஸில் வந்துவிட்டேன். முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து கடையைத் திறந்து வைத்திருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். உச்சியில் பனி கட்டிக்கொண்டு நின்றது. கலைந்து தொலையேன் என்று மலையிடமே திட்டுகிற மாதிரி வேண்டிக்கொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு தணிகாசலம் வந்தார். தனியாக வந்தார். கேமரா கையில் இருந்தது, அதன் கயிறு மணிக்கட்டில். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு முகமே செத்துவிட்டது.

"அவங்க கோயில் வாசல்ல பூ வாங்கறாங்க" என்றார். "அவரு தெரியறாரான்னு மொதல்ல பாத்துட்டு வரலாம்னு நான் முன்னால வந்தேன். மாடிக்குப் போலாமா?"

போனோம். பனி விலகியிருந்தது. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் வெயில். ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. தணிகாசலம் மலையை மட்டும் தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்லி, திரையில் நன்றாகப் பார்த்துக்கொண்டார். "விழறாரு" என்றார். அப்புறம்தான் சிரித்தார்.

பூவோடு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். மூன்று பேரும் நின்றார்கள். வெயில் மூஞ்சியில் அடித்ததில் எல்லாருக்கும் கண் கொஞ்சம் இடுங்கியது, அது பரவாயில்லை. எடுத்துத் திரையை நீட்டினேன். தணிகாசலம் தடித்த விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பெண், மனைவி, தான். பிறகு விரலை மேலே கொண்டுபோய் மலையைத் தொட்டார். "நாலு" என்றார். மல்லிகா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சங்கீதாதான் அப்பாவின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதுவிட்டாள்.

என் வேலை முடிந்தது, பிரிண்ட் போட்டு எடுத்து வைக்கிறேன் என்று கிளம்பினேன். மல்லிகா கூப்பிட்டார்.

"நில்லும்மா. உம் பேரு இன்னா?"

"ராஜேஸ்வரிக்கா."

"ராஜேஸ்வரி, நீயும் வந்து எங்ககூட நில்லு."

"எதுக்குக்கா? அதான் நாலு பேர் ஆயாச்சே."

"ஆனா இன்னா? நீ வா."

பழக்கதோஷத்தில் ஓரத்துக்குப் போனேன். மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்து, தனக்கும் சங்கீதாவுக்கும் நடுவில் நிறுத்தினார். கையிலிருந்த பூவில் ஒரு துண்டு கிள்ளி என் தலையில் வைத்தார். முதலாளி கேமராவை வாங்கி, தன் மணிக்கட்டில் கயிற்றை மாட்டிக்கொண்டு, கண்ணை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு "சரிம்மா" என்றார். அது எந்தச் சரிம்மா என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்தப் படம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இத்தனை கேமரா விற்ற மனுஷனுக்குப் படம் நேராக எடுக்க வராது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன்.

திவ்யா, உங்கள் சித்தி வீட்டு ஆல்பத்தில் நிற்பது நான்தான் என்று சொல். முடிந்தால் அவர்களை ஒருநாள் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. கூடத்தில் இருக்கிற படத்தைக் காட்டுகிறேன். ஆள் குறைகிறது என்று அதில் என்னைக் கூப்பிடவில்லை.